நீ வரைந்த கூடை

ராஜகீழ்ப்பாக்கம்
10 ஆகஸ்ட் 2008

ஜோனத்தான்,

என் தலையில் மீன்கூடையை வைத்தது நீதான். வேறு யாரும் இல்லை.

மெயிலில் எழுதாததற்குக் காரணம் இருக்கிறது. நம் ஆபீசில் மெயிலை யார் வேண்டுமானாலும் ஃபார்வர்ட் செய்வார்கள். இந்தக் கடிதத்தை இன்னொருவருக்கு அனுப்ப வேண்டுமானால் உறை வாங்கி ஸ்டாம்ப் ஒட்ட வேண்டும். அவ்வளவு சிரமம் யாரும் படமாட்டார்கள். உன் பெங்களூர் முகவரியைத் தாம்பரம் மார்க்கெட்டில் உன் அம்மாவைப் பார்த்து வாங்கினேன். தபீதாள் டீச்சர் அன்பாகத்தான் பேசினார். "அவன் போட்ட படத்தப் பாத்தியாம்மா? பிரின்ட் எடுத்து சர்ச்ல எல்லாருக்கும் காட்டினேன். உன் முகம் அப்படியே வந்திருக்கு" என்றார். தலையாட்டிவிட்டு வந்தேன்.

நடந்தது மறந்து, நீ வரைந்த படம்தான் இப்போது உன் ஞாபகத்தில் இருக்கும். அதனால் நடந்ததை எழுதுகிறேன். ஜூலையில் கூடுவாஞ்சேரிப் பக்கம் அந்தக் கல்லூரி அரங்கில் வெப் மாநாடு. மேடையில் ஹேமநாத். கடலுக்குப் போகிறவர்களுக்காக ஒரு டிரஸ்டுக்குத் தன் கம்பெனி செய்து கொடுத்த வானிலைத் தளத்தைத் திரையில் காட்டினார். அதற்குக் கோடிங் எழுதியது தாம்பரம் சானடோரியத்தில் இருக்கிற நம் சின்ன கம்பெனி என்பதைச் சொல்லவில்லை. அது போகட்டும். "மூணே கிளிக். எந்த மீனவரும் காத்து எப்படின்னு தெரிஞ்சுக்கலாம்" என்றார். நீ என் பக்கத்தில் உட்கார்ந்து வழக்கம்போல, அவர் பேசப் பேச அந்தப் பேச்சைப் படமும் எழுத்துமாக ஒரே தாளில் இறக்கிக்கொண்டிருந்தாய்.

நான் எழுந்து கேட்டேன். எங்கள் குப்பத்து பிரௌசிங் சென்டரில் அந்தப் பக்கத்தைத் திறந்தால் தமிழ் எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாக வருகிறது. என் அப்பாவால் ஒரு வார்த்தைகூடப் படிக்க முடியவில்லை. உங்களில் யாராவது ஒரு குப்பத்துக்காவது போய் அதைத் திறந்து பார்த்தீர்களா என்று கேட்டேன்.

ஹேமநாத் சிரித்தார். "ஓ, நம்ம யூசரோட டாட்டரே வந்திருக்காங்க. வஞ்சிரம் அனுப்புங்கம்மா, டீமோட வந்து டெஸ்ட் பண்ணிடறோம்." அரங்கம் சிரித்தது. என் கையிலிருந்து மைக்கை வாங்கிக்கொண்டார்கள்.

இவ்வளவுதான் நடந்தது. என்னிடம் கூடை இல்லை. தோளில் லேப்டாப் பை இருந்தது.

உன் தாளில் நடுவில் ஹேமநாத். மூன்று கிளிக்குக்கு மூன்று பெட்டி. வலது மூலையில் தலையில் கூடையோடு ஒரு பெண். கூடையிலிருந்து மீன்வால் எட்டிப் பார்க்கிறது. தலைக்கு மேலே பலூனில் 'வஞ்சிரம் அனுப்புங்க'. அந்தப் பெண்ணுக்கு என் மூக்கு, என் கண்ணாடி, என் பின்னல். அன்று சாயங்காலமே இணையத்தில் ஏற்றினாய். மாநாடு நடத்தியவர்களும் எடுத்துப் போட்டுக்கொண்டார்கள்.

நீ பெங்களூருக்குக் கிளம்பிய வாரம் யாரோ அதைப் பெரிதாக அச்செடுத்துக் காபி மெஷினுக்கு மேலே ஒட்டிவிட்டார்கள். "பொன்னி, இன்னிக்கு சங்கரா மீன் வந்திருக்கா?" என்று கேட்கிறார்கள். முதல் நாள் நானும் சிரித்தேன். இப்போது காபி குடிப்பதில்லை.

அது போனால் போகட்டும் என்று விட்டிருப்பேன். டிரஸ்ட் மீட்டிங்குக்கு என்னை அழைத்துப் போவதாக நம் மேனேஜர் நிஷா மேடம் சொல்லியிருந்தது உனக்குத் தெரியும். "உனக்குத்தான் அந்த ஜனங்களத் தெரியும், நீதான் வரணும்" என்றார். கட்டம் கட்டமாக வருவதை டிரஸ்டுக்காரர்களிடமே காட்டிவிடலாம் என்று ஸ்கிரீன் படமெல்லாம் எடுத்து வைத்திருந்தேன். போன வாரம் கூப்பிட்டு, "ஹேமநாத் சார் டீமும் இருப்பாங்கல்ல பொன்னி. உன்னப் பாத்தா எல்லாருக்கும் அந்த ஜோக்தான் ஞாபகம் வரும். ஆக்வர்டா இருக்கும். எப்சி போகட்டும்" என்றார். எப்சி நல்ல பெண்தான். ஆனால் அந்தத் தளத்தை அவள் ஒருநாளும் திறந்து பார்த்ததில்லை.

படத்தை எடுத்துவிடு. எடுத்துவிட்டுப் பதில் எழுது.

பொன்னி

&nbsp;

பெங்களூர்
20 ஆகஸ்ட் 2008

பொன்னி,

உன் கடிதத்தை ஆபீசில் பிரித்தேன். இரண்டு வரி படித்ததும் எழுந்து மாடிப்படிக்குப் போய்விட்டேன்.

நான் வரைந்தது ஹேமநாத்தின் திமிரை. ஒரு பெண் நியாயமான ஒன்றைக் கேட்கிறாள், இவர் மீன் கேட்கிறார் என்று காட்ட நினைத்தேன். பார்க்கிறவர்கள் அவரைப் பார்த்துச் சிரிப்பார்கள் என்று நினைத்தேன். ஜனங்கள் தப்பான ஆளைப் பார்த்துச் சிரித்தால் நான் என்ன செய்வது?

என் வேலை எப்படி என்று நீ பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறாய். பேசுகிறவன் நமக்காக நிற்கமாட்டான். பென்சில் இல்லை, பேனாதான், அழிக்க முடியாது. ஒன்றைக் காதில் வாங்கும்போதே கை இன்னொன்றை முடித்திருக்க வேண்டும். அதனால் எல்லாவற்றுக்கும் ஒரு சின்னம் பழகி வைத்திருக்கிறேன். யோசனை என்றால் பல்பு. சர்வர் என்றால் அடுக்கிய பெட்டி. மீன் பிடிக்கிற ஜனங்கள் என்றால் கூடை. நீ 'குப்பம்' என்று சொன்னதும் கை கூடையைப் போட்டுவிட்டது. நான் யோசித்துப் போடவில்லை. இதைச் சொன்னால் உனக்கு இன்னும் கோபம் வரும், ஆனாலும் அதுதான் உண்மை.

இன்னொன்று. கூட்டத்தில் உட்கார்ந்திருப்பவர்களை எப்போதும் வெறும் வட்டமாகத்தான் போடுவேன். கேள்வி கேட்கிறவர்களும் வட்டம்தான். உனக்கு மட்டும்தான் முகம் போட்டேன். நிமிர்ந்து பார்க்காமலே வந்தது. ஏன் என்று உனக்குத் தெரியாதா?

என் பக்கத்திலிருந்து படத்தை எடுத்துவிட்டேன். மாநாட்டுக்காரர்களுக்கும் எழுதுகிறேன். நீ குப்பத்துப் பெண் என்பதை எங்கேயும் மறைத்ததில்லை. அதனால்தான் உன்னை இவ்வளவு பாதிக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

வேலை நன்றாகப் போகிறது. எந்தக் கம்பெனி என்று கிளம்புகிற அவசரத்தில் சொல்லாமல் வந்துவிட்டேன். நேரில் சொல்கிறேன்.

ஜோனத்தான்

&nbsp;

ராஜகீழ்ப்பாக்கம்
31 ஆகஸ்ட் 2008

ஜோனத்தான்,

நேரில் சொல்ல வேண்டாம். எப்சி சொல்லிவிட்டாள். டிரஸ்ட் மீட்டிங்கில் ஹேமநாத்துக்குப் பக்கத்து நாற்காலியில் அவர் கம்பெனி அடையாள அட்டையை மாட்டிக்கொண்டு நீ உட்கார்ந்திருந்தாயாம். முழு மீட்டிங்கையும் அழகாக வரைந்தாயாம். டிரஸ்டுக்காரர்கள், மினிட்ஸ் குறிப்பு தனியாக எழுத வேண்டாம், இந்தப் படமே போதும் என்று வாங்கிக்கொண்டார்களாம். சென்னைவரை வந்திருக்கிறாய். ஒரு போன் இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை உன் படத்தை எடுத்துக்கொண்டு குப்பத்துக்குப் போனேன். அம்மா பெட்டி கழுவிக்கொண்டிருந்தாள். ஈரக் கையோடு வாங்கிப் பார்த்தாள்.

"இன்னாடி இது? நீ எப்போ கூடை தூக்கின? நானே தூக்கறதில்ல. தெர்மாகோல் பொட்டிய ஷேர் ஆட்டோல வெச்சிகினு மேடவாக்கம் போறேன். இந்தப் புள்ள எந்தக் காலத்துல கீது?"

பிறகு காகிதத்தைத் தள்ளிப் பிடித்துப் பார்த்து, "மூக்கு மட்டும் கரெக்டா போட்டுகிறான். ரொம்ப நாளா பாத்துகினு இருந்திருப்பான் போல" என்றாள்.

மீட்டிங் வாய்ப்பு கைவிட்டுப் போனதைச் சொன்னேன். அவள் வேறு மாதிரி எடுத்துக்கொண்டாள். "மீனுன்னு சொன்னா உனுக்கு இன்னா அசிங்கம்? சிரிச்சவனுங்க வூட்ல ஞாயித்துக்கெயம மீன் துன்றதில்லியா? எங்கையால வாங்கித் துன்ட்டு எம் பொண்ணப் பாத்து சிரிக்கிறானுங்களா?" என்று அன்று முழுக்க என்னோடு சரியாகப் பேசவில்லை. நான் அவளை நினைத்து வெட்கப்படுகிறேன் என்று நினைத்துவிட்டாள். அந்தப் படத்தால் எங்கள் வீட்டுக்குள்ளேயும் இது நடந்தது. எழுதி வைத்துக்கொள்.

எனக்கு மீன் அசிங்கமில்லை. அம்மா விற்ற மீனில்தான் இன்ஜினியரிங் படித்தேன். நீ போட்ட பெண்ணுக்கு வாய் மூடியிருக்கிறது. அதுதான் அசிங்கம். அரங்கில் பேசியது நான். தாளில் பேசுவது ஹேமநாத் ஒருவர்தான். பலூனை என் தலைக்கு மேலே போட்டதால் வஞ்சிரம் என்று சொன்னதும் நான்தான் என்று படிக்கிறார்கள். நான் கேட்ட கேள்வி எங்கே? கட்டத்துக்குச் சின்னம் போடுவது அவ்வளவு கஷ்டமா? நாலு கோடுதானே?

முகம் ஏன் என்று கேட்டிருந்தாய். தெரியும். என்னையும் வட்டமாகப் போட்டிருந்தால் எப்சி உட்கார்ந்த நாற்காலியில் நான் உட்கார்ந்திருப்பேன்.

ஒன்றுக்கு மட்டும் பதில் சொல். அந்த மீட்டிங்கில் எழுத்து கட்டமாக வருகிறது என்று யாராவது வாயைத் திறந்தார்களா?

பொன்னி

&nbsp;

பெங்களூர்
12 செப்டம்பர் 2008

பொன்னி,

எப்சி பாதியைத்தான் சொல்லியிருக்கிறாள். காலை ரயிலில் வந்து சாயங்காலமே திரும்பிவிட்டேன். அம்மாவைக்கூடப் பார்க்கவில்லை.

மீட்டிங்கில் யாரும் சொல்லவில்லை. ஸ்டேஷனுக்குத் திரும்பும்போது காரில் ஹேமநாத் சாரிடம் நான் சொன்னேன். "அடுத்த ஃபேஸ்ல பாத்துக்கலாம் மேன், இப்ப ஏன் அவங்கள பயமுறுத்தணும்" என்றார். நான் புதிதாகச் சேர்ந்தவன். குறிப்பு வரைவதற்காகத்தான் என்னை அழைத்துப் போனார்கள், பேசுவதற்கு அல்ல.

அவரிடம் சேர்ந்தது துரோகம் என்று எழுதாமல் எழுதியிருக்கிறாய். சானடோரியத்தில் இருந்திருந்தால் சாகும்வரை பேனர் விளம்பரம் வெட்டிக்கொண்டிருப்பேன். வரைவதற்குச் சம்பளம் தருகிறேன் என்று முதன்முதலில் சொன்னவர் அவர்தான். அது உனக்குப் புரியும் என்று நினைத்தேன்.

நானும் ஒன்று சொல்கிறேன். அந்தக் கேள்வியை நீ டீ இடைவேளையில் அவரைத் தனியாகப் பார்த்துக் கேட்டிருக்கலாம். அத்தனை பேருக்கு முன்னால் ஒருவரை மடக்கினால் அவர் எப்படியாவது தப்பிக்கத்தான் பார்ப்பார். அவசரப்பட்டுவிட்டாய்.

மாநாட்டுக்காரர்களுக்கு எழுதினேன். எடுக்க முடியாது என்கிறார்கள். டிசம்பரில் மறுபடி மாநாடு. வருகிறவர்களுக்குக் கொடுக்கும் துணிப்பையில் அந்தத் தாளைத்தான் அச்சடிக்கப் போகிறார்கள். ஜூலையிலேயே கேட்டார்கள், உன் கடிதம் வருவதற்கு முன்னால். சரி என்று சொல்லிவிட்டேன். என் படத்தை ஒருவர் பையில் போடக் கேட்டால் வேறு என்ன சொல்வேன்? மாநாட்டின் ஸ்பான்சர் எங்கள் கம்பெனி, இப்போது போய் வேண்டாம் என்று சொல்ல முடியாது. எனக்குச் சங்கடம்.

கொஞ்ச நாளில் மறந்துவிடுவார்கள்.

ஜோனத்தான்

&nbsp;

ராஜகீழ்ப்பாக்கம்
5 அக்டோபர் 2008

ஜோனத்தான்,

அவசரப்பட்டேனா? அந்தக் கேள்வியை நான் கேட்பதாகப் பேச்சே இல்லை. நீ கேட்பதாக இருந்தது.

தாம்பரத்தில் ரயில் ஏறியபோதே உன்னிடம் கட்டம் கட்டமாக வந்த பக்கத்தைக் காட்டினேன். வண்டலூர் தாண்டும்போது நீ சொன்னாய்: "நான் கேக்கறேன் பொன்னி. நீ கேட்டா டென்ஷனாயிடுவ. நான் கேட்டா அவர் பதில் சொல்லித்தான் ஆகணும்." எனக்கு நிம்மதியாக இருந்தது. உன் பேச்சுக்கு இருக்கிற மரியாதை என் பேச்சுக்குக் கிடைக்காது என்பது எனக்குத் தெரியும். டீச்சர் வீட்டுப் பிள்ளை பேசினால் டவுட். நான் பேசினால் சண்டை. அதற்கு ஒத்துக்கொண்டுதான் பேசாமல் வந்தேன்.

டீ இடைவேளையில் ஹேமநாத் உன் தோளில் கைபோட்டு உன் பழைய தாள்களைப் புரட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். உனக்காகச் சந்தோஷப்பட்டேன். கேள்வி நேரம் வந்ததும் முழங்கையால் இடித்தேன். தலையை நிமிர்த்தாமல், "பக்கம் பாதில இருக்கு" என்றாய். மறுபடி இடித்தேன். பேனா நிற்கவில்லை. கடைசிக் கேள்வி என்று மைக்கில் சொன்னார்கள். அப்போதுதான் எழுந்தேன். நீ எழுந்திருக்காததால் எழுந்தேன்.

இப்போது என்னை அந்தத் தளத்தின் வேலையிலிருந்தே எடுத்துவிட்டார்கள். நீ பேனர் வெட்டிக்கொண்டிருந்த அதே மேஜையில் நான் வெட்டிக்கொண்டிருக்கிறேன்.

மாநாட்டிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். டிசம்பரில் மேடையில் ஐந்து நிமிடம் தருகிறார்களாம். குப்பத்திலிருந்து கோடிங் வரைக்கும் வந்த கதையைச் சொல்ல வேண்டுமாம். "மேடம், ஒரு கூடை கொண்டு வர முடியுமா? ஸ்டேஜ்ல சூப்பரா இருக்கும்" என்றாள். அவள்மீது எனக்குக் கோபம் வரவில்லை. அவள் உன் படத்தை மட்டும்தான் பார்த்திருக்கிறாள். எழுத்து கட்டமாக வருவதைப் பற்றிப் பேசலாமா என்று கேட்டேன். "கொஞ்சம் பாசிட்டிவா இருக்கட்டும் மேடம், அவங்கதான் ஸ்பான்சர்" என்றாள். வரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

பொன்னி

&nbsp;

பெங்களூர்
16 அக்டோபர் 2008

பொன்னி,

ரயிலில் சொன்னது ஞாபகம் இருக்கிறது. பயந்துவிட்டேன். அன்று காலை டீ இடைவேளையில்தான் ஹேமநாத் வேலை தருவதாகப் பேசியிருந்தார்.

மேடைக்கு ஒத்துக்கொள். ஐந்து நிமிடம் எல்லோருக்கும் கிடைக்காது. நான் முன்வரிசையில் உட்கார்ந்து வரைகிறேன், இந்தத் தடவை கூடை இல்லாமல். பார்த்தவர்கள் பழையதை மறந்துவிடுவார்கள். பையை நிறுத்த முடியாது, அச்சுக்குப் போய்விட்டது.

உனக்கு என்னதான் வேண்டும்? சொல், செய்கிறேன்.

ஜோனத்தான்

&nbsp;

ராஜகீழ்ப்பாக்கம்
30 நவம்பர் 2008

ஜோனத்தான்,

இவ்வளவு நாள் எழுதாமல் இருந்தது கோபத்தால் அல்ல. டிரஸ்டிலிருந்து பதில் வரட்டும் என்று காத்திருந்தேன். பிறகு மழை பிடித்துக்கொண்டது. ஹாஸ்டலில் கீழ்த்தளம் முழுக்கத் தண்ணீர், கரண்ட் இல்லை. எல்லோரும் மேலே ஒரே அறையில் கிடந்தோம்.

புயலுக்கு முதல் நாள் குப்பத்தில் இருந்தேன். புயலின் பெயரைச் சொன்னதும் அம்மா, "நிஷாவா? உங்க மேனேஜரம்மா பேராச்சே, அதான் இந்த ஆட்டம் ஆடுது" என்றாள். பிரௌசிங் சென்டரில் போய் உங்கள் தளத்தைத் திறந்தேன். மூன்று கிளிக். கட்டம், கட்டம், கட்டம், நடுவில் 65, மறுபடி கட்டம். அது காற்றின் வேகமா, கரையிலிருந்து தூரமா, யாருக்காவது போன் செய்ய வேண்டிய எண்ணா, தெரியவில்லை. பக்கத்தில் நின்ற அப்பா, "இன்னா சொல்லுது?" என்றார். "தெரியலப்பா" என்றேன். கம்ப்யூட்டர் படித்த பெண் அப்படிச் சொன்னதும் அவர் என்னைப் பார்த்த பார்வையை உன்னால் வரைய முடியாது. கோவில் மைக்கில் போக வேண்டாம் என்று அறிவித்தார்கள். அதனால் எங்கள் குப்பத்தில் யாரும் போகவில்லை. உங்கள் மூன்று கிளிக்கால் இல்லை.

டிரஸ்டுக்கு நானே எழுதியிருந்தேன், ஸ்கிரீன் படங்களோடு. பதில் மரியாதையாகத்தான் வந்தது. ஜூலை மாநாட்டின் குறிப்புப் படத்தையும் மீட்டிங்கின் குறிப்புப் படத்தையும் பார்த்தார்களாம். இரண்டிலும் இப்படி ஒரு குறை பதிவாகவில்லையாம். மாநாட்டில் மீனவர் தரப்பிலிருந்து ஒரு பெண் கலந்துகொண்டு நகைச்சுவையாகப் பேசியது தெரிகிறதாம். என் கம்ப்யூட்டரில் கோளாறு இருக்கலாமாம்.

நான் கேட்டதற்கு அரங்கம் முழுக்கச் சாட்சி இருக்கிறது. ஆனால் தாள் உன்னுடையது ஒன்றுதான். அவர்கள் அதைத்தான் நம்புகிறார்கள்.

சொல், செய்கிறேன் என்று எழுதியிருந்தாய். சொல்கிறேன்.

அந்தத் தாளை மறுபடி வரை. அதே பேனா, அதே அளவுத் தாள். ஹேமநாத் நடுவில் வேண்டாம், ஓரமாக இருக்கட்டும். நடுவில் நான் கேட்ட கேள்வியைப் பெரிய எழுத்தில், முழுதாக, ஒரு வார்த்தை விடாமல் எழுது. பக்கத்தில் கட்டம் கட்டமாக வந்த பக்கத்தை வரை, ஸ்கிரீன் படம் இதோடு வைத்திருக்கிறேன். அதற்குக் கீழே அவர் சொன்ன பதிலை அவர் பெயர் போட்டு எழுது. என்னை வட்டமாகவே போடு, எனக்கு முகம் வேண்டாம். என் பக்கத்து நாற்காலியில் உன்னை வரை. குனிந்த தலை, ஓடுகிற பேனா, 'பக்கம் பாதில இருக்கு' என்று ஒரு பலூன். எல்லாப் படத்திலும் போடுவது போலக் கீழே உன் கையெழுத்து.

டிசம்பர் மாநாட்டுக்கு முன்னால், முதல் படத்தைப் போட்ட அதே இடத்தில் போடு. டிரஸ்டுக்கு நான் அனுப்பிக்கொள்கிறேன். உன் வேலை போகலாம். அது தெரிந்துதான் கேட்கிறேன். அந்தத் தளத்தின் வேலை என் கையைவிட்டுப் போனபோது நீ ஒரு வார்த்தை கேட்கக்கூட இல்லை.

பொன்னி

&nbsp;

ராஜகீழ்ப்பாக்கம்
4 ஜனவரி 2009

ஜோனத்தான்,

மாநாடு முடிந்துவிட்டது. நீ படம் ஏற்றுகிற இணையப் பக்கத்தைத் தினமும் திறந்து பார்க்கிறேன். ஒன்றும் இல்லை. கடிதமும் இல்லை.

நேற்று தாம்பரம் மார்க்கெட்டில் உன் அம்மாவைப் பார்த்தேன். கையில் அந்தத் துணிப்பை. கீரைக்கட்டு பிதுங்கிக்கொண்டிருந்தது, அதற்குக் கீழே நான் கூடையோடு நின்றுகொண்டிருந்தேன். "நல்ல கெட்டித் துணிம்மா, சர்ச்சுக்கும் இதத்தான் எடுத்துட்டுப் போறேன்" என்றார். நீ கிறிஸ்துமஸுக்கு வந்திருந்ததாகச் சொன்னார். "உன் லெட்டர பொட்டில வெச்சிருந்தான். என்ன எழுதியிருக்குன்னு கேட்டேன், ஒண்ணுமில்லன்னுட்டு மொட்டை மாடிக்குப் போயிட்டான். உங்களுக்குள்ள என்னம்மா?" என்றார். நான் சொல்லவில்லை. நீ சொல்லிக்கொள்.

ஆக, கடிதம் கிடைத்துவிட்டது. படித்தும்விட்டாய்.

குப்பத்தில் கடலுக்குப் போக ஆரம்பித்துவிட்டார்கள். வானிலைப் பக்கம் இன்னும் கட்டமாகத்தான் வருகிறது. அப்பா என்னிடம் காற்றைப் பற்றிக் கேட்பதை விட்டுவிட்டார்.

மன்னிப்பு எழுதாதே, அதை வைத்துக்கொண்டு நான் ஒன்றும் செய்ய முடியாது. காரணமும் எழுதாதே. தாளை எடுத்து வரை. உன் முகத்தைப் போடு.

பொன்னி